பாரம் இறக்கும் யந்திரங்களுக்கு ஏற்ற எதிர்நிறை வால்வு

பாலாற்றங்கரைக் கிராமங்களில் மின்சார மோட்டார் பரவுவதற்கு முன்னர்க் கிணற்றுப் பாசனம் பெரும்பாலும் கவலையாலேயே நடைபெற்று வந்தது. எருதுகள் சரிவில் இறங்கி நடக்க, நீர் நிறைந்த தோற்பறி மேலே வரும். வெறும் பறி திரும்பவும் கிணற்றுக்குள் செல்ல வேண்டுமாயின் எருதுகள் பின்னோக்கி நடந்து மேட்டிற்கு ஏறுதல் வேண்டும். அவை எவ்வளவு பின்வாங்குகின்றனவோ அவ்வளவே கயிறு தளரும். அவ்வளவே பறி இறங்கும். எருது நின்றால் பறியும் நின்றுவிடும். கயிறு நுகத்தடியிலிருந்து கழன்றுவிட்டாலோ பறி தன் பாரத்தாலேயே கீழே பாய்ந்து கிழிந்து போகும். கவலை ஓட்டிய குடியானவருக்கு எருதுகளை முன்னே ஓட்டுவதைவிடப் பின்னே நடத்துவதே கடினமான வேலையாயிருந்தது.

தற்காலத்தில் பாரந் தூக்கும் வேலை எண்ணெய் அழுத்தத்தால் நடைபெறுகின்றது. 2019ஆம் ஆண்டில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிக்கப்பட்ட பழைய வேலூர் மாவட்டத்தில், ஏரி வண்டல் வாரவும், கரும்பு ஏற்றவும், கிணற்றுக்குச் சிமெண்டு உறை இறக்கவும், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் முதலிய ஊர்களின் தோல் பதனிடும் சாலைகளில் மூட்டையும் கசடும் அள்ளவும் ஹைட்ராலிக் யந்திரங்கள் அமர்த்தப்படுகின்றன. ஏரி வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளத் தமிழ்நாடு அரசு 2017ஆம் ஆண்டில் வழி செய்த பின்னர், கோடைதோறும் ஏரிக்குள் இறங்கும் ஜே.சி.பி., பொக்லைன், டிப்பர் ஆகியவற்றின் தொகை பெருகியுள்ளது. இவையன்றி, சொந்த டிராக்டரில் முன்பக்க லோடரோ சிறு கிரேன் கையோ உள்ளூர்ப் பட்டறையில் பொருத்திக்கொள்ளும் நிலக்கிழார்களும் உளர். தூக்கும் பம்பும் சிலிண்டரும் வாங்குவதில் இவர்கள் காட்டும் கவனம், இறக்கும்போது பாரத்தைப் பிடித்திருக்கும் சிறு வால்வில் செல்லுவதில்லை. அதன் விலை முழு வேலைச் செலவில் ஒரு சிறு பகுதியே. ஆயினும் அதன் கீழ் நிற்பவர் உயிர் அதைப் பொறுத்தது.

சிலிண்டருக்குள் பம்பினால் எண்ணெய் செலுத்தப்பட்டுப் பிஸ்டன் உயருகின்றது. கைப்பிடியை நடுநிலைக்குக் கொண்டுவந்தால் எண்ணெய் உள்ளே அடைபட்டுப் பாரம் நிற்கும். இவ்விடத்தில் இரண்டு குறைகள் உள. முதலாவது, சிலிண்டருக்கும் கைப்பிடி வால்வுக்கும் நடுவே நீண்டு செல்லும் ரப்பர் ஓஸ் வெடித்துவிட்டால் எண்ணெய் பீறிட்டு வெளியேறப் பாரம் தடையின்றி வீழும். இரண்டாவது, கைப்பிடியை இறக்கும் பக்கம் தள்ளியவுடன் பாரம் தன் கனத்தால் எண்ணெயைப் பம்பின் வேகத்திற்கும் மேலாக வெளியே தள்ளும். மறுபுறம் பம்பு தரும் எண்ணெய் போதாமல் வெற்றிடம் உண்டாகி, பாரம் ஓட்டுநரின் வசத்தினின்றும் நீங்கிவிடும். கயிறு கழன்ற பறியின் நிலை இதுவே.

எதிர்நிறை வால்வு, அதாவது பட்டறைகளில் கவுண்டர் பேலன்ஸ் வால்வு என்றும் ஹோல்டிங் வால்வு என்றும் வழங்குவது, இவ்விரு குறைகளையும் ஒருங்கே நீக்குவதற்காக அமைந்தது. ஏற்றும்போது எண்ணெய் அதனுள்ளிருக்கும் ஒருவழிக் கதவு வழியே தடையின்றிச் சிலிண்டருக்குட் செல்லும். திரும்பி வரும் வழியை வலுவான ஸ்பிரிங் ஒன்று மூடி வைத்திருக்கும். சிலிண்டரின் எதிர்ப்பக்கத்துக் குழாயிலிருந்து சிறு துளை மூலம் வரும் அழுத்தமே அந்த ஸ்பிரிங்கைத் தள்ளித் திறக்கும். இதனைப் பைலட் அழுத்தம் என்பர். ஆகவே, இறக்கும் பக்கத்திற்குப் பம்பு எண்ணெய் கொடுத்தாலன்றிப் பாரம் இறங்காது. பாரம் பம்பை முந்தி ஓட முயன்றால் எதிர்ப்பக்கத்து அழுத்தம் தாழ்ந்து, வால்வு தானே மூடத் தொடங்கிப் பாரத்தைத் தடுக்கும். எருது பின்வாங்கிய அளவே பறி இறங்கியதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

கடைகளில் ஹோல்டிங் வால்வு அல்லது லாக் வால்வு என்று கேட்டால் மூன்று வெவ்வேறு பொருள்களில் எதையேனும் கொடுத்துவிடக்கூடும். அவற்றின் வேறுபாட்டை அறிந்து வாங்குதல் வேண்டும்.

ஒன்று, பைலட் செக் வால்வு. இது பாரத்தை மிக உறுதியாகப் பூட்டும்; ஆனால் திறந்தால் முழுவதும் திறந்துவிடும். பாரத்தோடு இறங்கும் கைக்கு இதனைப் பொருத்தினால், திறப்பதும், பாரம் பாய்வதும், அழுத்தம் குறைந்து மூடுவதும், மறுபடி திறப்பதுமாக யந்திரம் முழுவதும் குலுங்கும். இக்குலுக்கலில் வெல்டு விடுவதும் பின் வளைவதும் உண்டு. யந்திரம் சாயாமல் தரையில் ஊன்றி நிற்கும் கால்களுக்கு இதுவே தக்கது; ஏனெனில் அவை வேலை நேரத்தில் அசைய வேண்டியவை அல்ல.

இரண்டாவது, ஓஸ் வெடிப்புக் காப்பு வால்வு. எண்ணெய் ஓட்டம் குறித்த அளவைக் கடந்தவுடன் இது சட்டென்று மூடிக்கொள்ளும். சாதாரண டிப்பர் டிரெய்லரின் ஜாக்கிக்கு ஏற்றது இதுவே. அந்த ஜாக்கிக்கு எண்ணெய்க் குழாய் ஒன்றுதான்; தொட்டி தன் கனத்தாலேயே இறங்குகின்றது. எதிர்ப்பக்கக் குழாய் இன்மையால் பைலட் அழுத்தத்திற்கு வழியில்லை. ஆகவே டிப்பருக்கு எதிர்நிறை வால்வு பொருத்தித் தருவதாகச் சொல்லும் பட்டறையை நம்பிப் பணம் கொடுத்தல் வீண். அதற்கு வேண்டியவை ஜாக்கியின் வாயிலேயே திருகிய வெடிப்புக் காப்பும், இறங்கும் வேகத்தைக் கட்டும் சிறுதுளை வால்வும், தூக்கிய தொட்டியின் கீழ்ச் சென்று கிரீஸ் வைக்குமுன் நிறுத்தவேண்டிய இரும்பு முட்டுக்கோலும் ஆம். முட்டுக்கோலைப் பல டிரெய்லர்களில் சேஸிஸில் கட்டி வைத்த நிலையிலேயே துருவேறக் காண்கின்றோம்.

மூன்றாவதே எதிர்நிறை வால்வு. இருபுறமும் எண்ணெய்க் குழாய் உடைய சிலிண்டரால், பாரத்தோடு கூடிய கை ஏறி இறங்கும் இடங்களிலெல்லாம் இது வேண்டும். செங்குத்து நிலையைக் கடந்து மறுபுறம் சாயும் கையாயின், பாரம் ஒருமுறை தள்ளும், ஒருமுறை இழுக்கும். ஆதலால் சிலிண்டரின் இரு பக்கத்திற்கும் ஒவ்வொன்று வேண்டும். ஹைட்ராலிக் மோட்டாரால் கயிறு சுற்றும் வின்ச்சுக்கு இது இறங்கும் வேகத்தை அடக்குமேயன்றிப் பாரத்தை நிறுத்தி வைக்காது. மோட்டாருக்குள்ளேயே எண்ணெய் சிறிது சிறிதாகக் கசியுமாதலின் தனிப் பிரேக்கு இன்றியமையாதது.

இனி, வாங்கும்போது சொல்ல வேண்டிய அளவுகளைக் கவனிப்போம். முதலில் அறிய வேண்டியது பாரத்தின் நிறையன்று. அப்பாரம் சிலிண்டருக்குள் உண்டாக்கும் அழுத்தம். சிலிண்டர் கையின் அடிப்பகுதிக்கு அருகிலும் பாரம் நுனியிலும் இருப்பதால், சிலிண்டர் தாங்குவது பன்மடங்காகும். கையின் கனத்தையும் சேர்த்து 800 கிலோ பாரம் அச்சிலிருந்து 3 மீட்டர் தூரத்தில் தொங்குவதாகவும், சிலிண்டர் அச்சிலிருந்து 0.6 மீட்டர் தூரத்தில் நேராகத் தள்ளுவதாகவும் கொள்வோம். சிலிண்டரின் மேல் விழுவது 4,000 கிலோ. உள்விட்டம் 80 மில்லிமீட்டர் உள்ள சிலிண்டரின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர சென்டிமீட்டர். ஆகவே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 80 கிலோ. அதே பாரம் சிலிண்டரைத் தள்ளாமல் இழுப்பதாயின், 45 மில்லிமீட்டர் தண்டு அடைத்த இடம் போக எஞ்சிய பரப்பு 34 சதுர சென்டிமீட்டர்; அழுத்தம் 116 கிலோவுக்கு மேற்படும். கணக்கில் நம்பிக்கையில்லாதவர் வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையே அழுத்தமானி ஒன்றை வைத்து, மிகப் பெரிய பாரத்தைக் கை மிக நீண்டுள்ள நிலையில் தாங்கச் செய்து நேரே பார்த்துக்கொள்ளலாம்; இதுவே மேலான வழி.

இந்த அழுத்தத்தைப்போல் 1.3 மடங்குக்கு ஸ்பிரிங்கை முடுக்கி வைப்பது பொது வழக்கம். 80 கிலோவுக்கு 104 கிலோ. இதற்குக் குறைந்தால் பாரம் குழியில் குலுங்கும்போது வால்வு தானே திறக்கும். மிகக் கூட்டினாலோ இறக்குவதற்கே எஞ்சினின் வலு வீணாகி எண்ணெய் கொதிக்கும்.

இரண்டாவது அளவு பைலட் விகிதம். இதனைப் பெரும்பாலோர் கேட்பதேயில்லை. கடைக்காரரும் கையிலிருப்பதைக் கொடுத்துவிடுவார். ஆயினும் யந்திரம் அமைதியாக இறங்குவதும் துள்ளி இறங்குவதும் இதனாலேயே தீர்மானமாகின்றது. விகிதம் 3 என்றால், எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் 1 கிலோ அழுத்தம் ஸ்பிரிங்கின் மேல் 3 கிலோவாக வேலை செய்யும். விகிதம் 10 என்றால் 10 கிலோவாக வேலை செய்யும். மேற்சொன்ன எடுத்துக்காட்டில், முழுப் பாரம் இருக்கையில் ஸ்பிரிங்குக்கும் பாரத்திற்கும் உள்ள வித்தியாசம் 24 கிலோ. அதை வெல்ல, விகிதம் 3 ஆயின் 8 கிலோவும், விகிதம் 10 ஆயின் 2.4 கிலோவும் பைலட் அழுத்தம் வேண்டும். பாரமில்லாத வெறுங்கை சிலிண்டரில் 14 கிலோ அழுத்தமே தருவதாயின், வித்தியாசம் 90 கிலோ. அப்போது முறையே 30 கிலோவும் 9 கிலோவும் வேண்டும். சிலிண்டரின் தண்டுப் பக்க அழுத்தமும் பாரத்தோடு சேர்வதால் உண்மையில் சிறிது குறையும். வேறுபாட்டின் தன்மை மாறாது.

இதைப் பார்த்தவுடன் 10 விகிதமே சிக்கனம் என்று தோன்றும். டீசலைப் பொறுத்தமட்டில் அது சரியே. ஆனால் பம்பின் அழுத்தம் ஓட்டுநர் கையசைவாலும் எஞ்சின் ஓட்டத்தாலும் ஓயாமல் சிறிது ஏறியிறங்கிக்கொண்டேயிருக்கும். 1 கிலோ ஏற்றத்தாழ்வை 10 மடங்காக்கிக் காட்டும் வால்வு, திறந்தும் மூடியும் துடித்துக்கொண்டேயிருக்கும். நீண்டு மெலிந்த கையாயின் அத்துடிப்பு நுனியில் பெரிய ஆட்டமாகும். எனவே, டிராக்டரில் பொருத்தும் கிரேன் கை, கரும்பு அள்ளும் கை, பாரம் கூடியும் குறைந்தும் வரும் லோடர் ஆகியவற்றிற்கு 3 முதல் 5 வரையுள்ள தாழ்ந்த விகிதமே தக்கது. பாரம் எப்போதும் ஒரே அளவாகவும் சட்டகம் தடித்தும் உள்ள தூக்கு மேடை போன்றவற்றிற்கு 8 அல்லது 10 விகிதம் கொள்ளலாம். ஐயமுள்ள இடத்தில் தாழ்ந்த விகிதத்தை எடுத்துக்கொண்டு, சிறிது டீசல் கூடுதலாவதைப் பொறுத்துக்கொள்வதே நலம்.

மூன்றாவது அளவு எண்ணெய் ஓட்டம். பம்பின் ஓட்டம் நிமிடத்துக்கு 40 லிட்டர் என்பதைக்கொண்டு 40 லிட்டர் வால்வு வாங்குவது தவறு. கை இறங்கும்போது தண்டுப் பக்கத்தில் 40 லிட்டர் செல்ல, பரப்பு மிகுந்த மறுபக்கத்திலிருந்து 58 லிட்டருக்கு மேல் வெளியேறும். வால்வு இந்த 58க்கு ஏற்றதாய் இருத்தல் வேண்டும். அதற்காக 150 லிட்டர் வால்வை வாங்கிப் போடுவதும் பிழையே. பெரிய கதவைச் சிறிதளவு திறந்து ஓட்டத்தை அடக்குவது எளிதன்று, அதுவும் துள்ளும்.

வால்வுக்குப் பின்னால் தொட்டிக்குச் செல்லும் குழாய் குறுகலாக இருந்தால் அங்கே எதிரழுத்தம் உண்டாகும். சாதாரண வகை வால்வில் அந்த எதிரழுத்தம், விகிதத்தோடு ஒன்றைக் கூட்டிய மடங்காகப் பெருகி ஸ்பிரிங்கோடு சேரும். விகிதம் 3, எதிரழுத்தம் 5 கிலோ என்றால் 20 கிலோ கூடிவிடும். புதிதாய்ப் பொருத்திய வால்வு இறங்க மறுக்கின்றது என்ற முறையீட்டில் பலமுறை குற்றம் வால்வினுடையதன்று, இக்குழாயினுடையதே. குழாயைப் பெரிதாக்க இயலாவிடில், ஸ்பிரிங் அறைக்குத் தனித் துளையுள்ள வகையைக் கேட்டு வாங்குதல் வேண்டும்.

பொருத்தும் இடம் குறித்து இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. வால்வு சிலிண்டரின் மேலேயே போல்ட்டால் பிணைக்கப்படவேண்டும்; அல்லது இரும்புக் குழாயால் இணைக்கப்படவேண்டும். கழற்றிப் பார்க்க வசதியாயிருக்கும் என்று ஓட்டுநர் இருக்கைக்கருகே வைத்து, அங்கிருந்து சிலிண்டருக்கு ஓஸ் போடும் பட்டறைகள் உள. அந்த ஓஸ் வெடித்தால் வால்வு இருந்தும் இல்லாததே. கைப்பிடி வால்வும், நடுநிலையில் இரு குழாய்களையும் தொட்டிக்குத் திறந்துவிடும் வகையாய் இருத்தல் நன்று. இல்லையேல் எதிர்ப்பக்கக் குழாயில் அடைபட்ட அழுத்தம் எதிர்நிறை வால்வைச் சிறிது நேரம் திறந்தே வைத்திருக்கும். கைப்பிடியை விட்ட பின்னும் பாரம் நகரும்.

வேலூர்க் கோடையில் வெயில் நாற்பது டிகிரியைக் கடக்கின்றது. காலையில் பாரந் தூக்கி நிறுத்திய யந்திரத்தின் சிலிண்டரில் அடைபட்ட எண்ணெய், நண்பகல் வெயிலில் விரியும். இடமின்றி அடைபட்ட எண்ணெய் ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 10 கிலோ அழுத்தம் கூடும் என்பது பொறியாளர் கணக்கு. எதிர்நிறை வால்வு குறித்த அழுத்தத்தில் தானே திறந்து சிறிதளவு எண்ணெயை விட்டுவிடும். பைலட் செக் வால்வுக்கு இக்குணமில்லை. நிழலின்றி யந்திரம் நிற்கும் ஊர்களுக்கு இது சிறு நன்மையன்று.

எவ்வளவு நல்ல வால்வாயினும் பிஸ்டனைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்திருந்தால் பயனில்லை. எண்ணெய் வால்வை அணுகாமலே பிஸ்டனைக் கடந்து மறுபக்கம் போய்விடும். கை மெல்லத் தாழும். இந்தச் சீல் இந்நாளில் செயற்கை ரப்பராலும் பிளாஸ்டிக்காலும் ஆனது. முதலில் தோலாலேயே இருந்தது. 1795ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா என்பவர் நீரழுத்த யந்திரத்திற்கு உரிமை பெற்றபோது, நீர் கசியாமல் தடுப்பதே பெருந்தொல்லையாயிருந்தது. அவருடைய பட்டறையிலிருந்த ஹென்றி மாட்ஸ்லே, அழுத்தம் கூடக்கூடத் தானே இறுகும் தோல் வளையம் ஒன்றால் அதைத் தீர்த்தார் என்பர். கிராமத்துக் கைப்பம்புகளிலும் நெடுங்காலம் தோல் வாஷரே உழைத்தது. சென்னை மாகாணத்தில் குரோமியத் தோல் பதனிடும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகுத்திய ஆல்பிரட் சாட்டர்டன், அத்தோலைக் கவலைப் பறிக்கு உதவச் செய்ய முயன்றவர். எண்ணெய் எஞ்சினால் கிணற்று நீர் இறைத்துக் காட்டியவரும் அவரே. தோலுக்கும் பாசனத்திற்கும் இம்மாவட்டத்தில் இருந்த தொடர்பு அத்துணை அண்மையது.

யந்திரத்தை வாடகைக்கு அமர்த்துவோர் செய்துகொள்ளத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஓட்டுநரைக்கொண்டு பக்கெட்டிலோ கொக்கியிலோ பாரம் ஏற்றி, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் நிறுத்தச் செய்க. அருகில் எவரும் நிற்கலாகாது. சிலிண்டரின் தண்டு வெளிவரும் இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு இட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, கைப்பிடியை இறக்கும் பக்கம் மெல்லத் தள்ளச் செய்க. எதிர்நிறை வால்வு நல்ல நிலையில் இருந்தால், பம்பு ஓடாமையால் பாரம் அசையலாகாது. பாரம் கீழே வந்தால், வால்வு இல்லை, அல்லது கெட்டிருக்கின்றது என்று அறியலாம். மண் வெட்டும் வேலைக்கு மட்டுமாயின் அத்தகைய யந்திரத்தை ஏற்கலாம். கிணற்று உறையோ குழாயோ மரமோ தொங்கவிட்டு, கீழே ஆள் நின்று திருப்பிப் பொருத்தும் வேலைக்கு ஏற்கலாகாது. பொக்லைன், ஜே.சி.பி. போன்ற தோண்டும் யந்திரங்களின் கை இறங்குவதை அடக்கும் சாதனத்திற்கென்றே ஐ.எஸ்.ஓ. 8643 என்ற உலகத் தரம் உள்ளது. புதிய யந்திரம் வாங்குவோர் இத்தரத்துக்கு உட்பட்ட சாதனம் பொருத்தப்பட்டதா என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நலம். கேளாமலே இருக்கும் என்று எண்ணிவிடலாகாது.

வால்வின் தலையிலுள்ள திருகைத் தொடுவது பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். குழாயடிக் கதவுபோல் வலப்புறம் திருகினால் இறுகும் என்றே எவரும் நினைப்பர். சில கம்பெனி வால்வுகளில் வலப்புறம் திருகினால் ஸ்பிரிங் தளர்ந்து பாரம் கீழே விடப்படும். வேறு சிலவற்றில் இறுகும். கம்பெனியார் தரும் தாளைப் பார்க்காமல், பாரந் தொங்குகையில் திருகைத் தொடலாகாது. அளவு சரிசெய்தபின் பூட்டு நட்டை இறுக்கி, கம்பியிட்டு ஈய முத்திரை வைத்துவிட்டால், பின்னர் எவரேனும் திருகினதை முத்திரையே காட்டிக்கொடுக்கும்.

தோல் சாலைகளுக்கு டிராக்டரை வாடகைக்கு விடுவோருக்கு வேறொரு தொல்லை உண்டு. பச்சைத் தோல் கெடாதிருக்க இடப்படும் உப்பும், கசட்டிலுள்ள உப்பும், சுண்ணாம்பும் யந்திரத்தின்மேல் படிந்துவிடுகின்றன. ஓஸின் மேலுறை உராய்ந்த இடத்தில் உப்பு நீர் புகுந்து உள்ளிருக்கும் எஃகுக் கம்பிப் பின்னலை அரிக்கும். வெளியே ஓஸ் நன்றாகவே தோன்றும். வால்வின் திருகும் சிலிண்டர் தண்டின் பூச்சும் இவ்வாறே கெடும். தண்டில் ஒரு சிறு பொரி விழுந்தால் அது ஒவ்வொரு முறையும் சீலைக் கிழித்து, துகளை எண்ணெயிற் சேர்க்கும். அத்துகளில் ஒன்று வால்வின் இருக்கையிற் சிக்கினால் கதவு முழுதும் மூடாது. ஆகவே உப்பு வேலை முடிந்த அன்று மாலையே நல்ல நீரால் கழுவி, தண்டு முழுவதும் உள்ளே அடங்கும்படி கையை மடக்கி, பக்கெட்டைத் தரையில் ஊன்றி நிறுத்துக. எண்ணெய் வடிகட்டியைக் கம்பெனியார் குறித்த மணிக்கணக்குக்கு முன்பாகவே மாற்றுவதும், மேலுறை தேய்ந்து கம்பி தெரியும் ஓஸை அன்றே கழற்றிவிடுவதும், வால்வு வாங்கிய செலவைவிடக் குறைந்த செலவில் முடிவன.